வெயில் இல்லாத ஊரில் ஓர் இகுவானா

(நாடுகாணியில், செல்லப்பிராணி வளர்ப்போருக்கான கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால்நடை மருத்துவர் பேசுகிறார் என்று நோட்டீஸில் போட்டதும், மாட்டுக்குக் கோமாரி ஊசி எப்போது என்று கேட்க வந்தவர்களே பாதிப் பேர் இருப்பீர்கள். அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம். இன்றைக்குத் தலைப்பு இகுவானா. தேயிலைக்கும் காபிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தென் அமெரிக்கப் பிராணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் முகத்திலேயே எழுதியிருக்கிறது. இருக்கிறது ஐயா. சென்னையில் பேசுவதைவிட இங்கே பேசத்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். உடம்பு பச்சை, முதுகு நெடுக முள் வரிசை, தாடைக்குக் கீழே தொங்கும் தோல், கன்னத்தில் வட்டமாக ஒரு பெரிய செதில். இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் பெரியவர்கள் இதன் படத்தைப் பார்த்தால் ‘கபரக்கொய்யா’ என்பார்கள். அது தண்ணீர் உடும்பு. இறைச்சி தின்னும், முட்டை திருடும். இகுவானாவுக்கும் உடும்புக்கும் நெருங்கிய உறவு கிடையாது. உறவு சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் வேலி ஓணானைச் சொல்லலாம், அதுவும் தூரத்துச் சொந்தம்தான். இகுவானா முழுச் சைவம். மரத்தில் ஏறி இலை தின்று வாழும் பிராணி. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆற்றோர மரங்கள்தான் அதன் வீடு. தமிழ்நாட்டில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாங்கித் தருவதைவிட அது மலிவு.

கடையில் விற்கும்போது அது ஒரு சாண் நீளம். தளிர்ப் பச்சை. உள்ளங்கையில் உட்கார்ந்து பார்க்கும். வாங்கியவர் அதை ஒரு மீன் தொட்டியில் போட்டு, லெட்டூஸ் கிள்ளிப் போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் வைப்பார். அது 5 அடி, 6 அடி வளரும் என்பதையோ, சரியாக வளர்த்தால் 15, 20 வருஷம் இருக்கும் என்பதையோ கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். 8ஆம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கும். வளர்ந்ததற்கு மீன் தொட்டி போதாது. ஆள் உயரக் கூண்டு வேண்டும், நீளமும் 6 அடிக்குக் குறையக் கூடாது. உள்ளே படுத்துக்கொள்ளக் கனமான கொய்யாக் கிளை குறுக்கே கட்ட வேண்டும். லைன் வீட்டில் ஓர் அறையில் பாதி போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த இகுவானாக்களின் வியாதிகளில் கிருமியால் வந்தவை குறைவு. பெரும்பாலானவை அது இருந்த இடத்தால் வந்தவை. இந்தப் பிராணி தன் உடம்பின் பாதி வேலையைச் சூரியனிடம் விட்டிருக்கிறது. நாமோ சூரியனைச் சில மாதங்களுக்கு மறந்துவிடுகிற ஊரில் இருக்கிறோம். தமிழ்நாட்டு மழை அட்டவணையில் தேவாலா முன்வரிசையில் வராத தென்மேற்குப் பருவமழை அரிது. தேவாலா இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனி, ஆடியில் துவைத்த துணி நான்கு நாளானாலும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் காய்கிறது. அந்த வீட்டில்தான் இகுவானாவும் இருக்கிறது.

சூட்டை எடுத்துக்கொள்வோம். இகுவானா தின்பது இலை. இலையை அதன் வயிறு தானாகச் செரிக்காது. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் கொடுக்க வேண்டும். ஆடி மாசத்தில் நம் வீட்டு இட்லி மாவு ராத்திரி முழுக்க வைத்தும் பொங்காமல் கிடக்கிறதே, குளிரில் இருக்கும் இகுவானாவின் வயிறும் அப்படித்தான். தின்ற இலை தின்றபடியே கிடக்கும். இரண்டு நாளில் தின்பதை நிறுத்திவிடும். ‘டாக்டர், சாப்பிட மாட்டேங்குது, டானிக் எழுதிக் கொடுங்க’ என்று வருவார்கள். டானிக்கால் ஆகாது. அது படுக்கும் கிளையில் ஓர் இடத்திலாவது 35 டிகிரி வர வேண்டும். கூண்டின் மற்ற இடத்தில் பகலில் 27 முதல் 31 வரை. ராத்திரி 23க்குக் கீழே விடக் கூடாது. தை மாசத்து ராத்திரியில் இந்தப் பக்கம் 15க்குக் கீழே இறங்குவது உங்களுக்கே தெரியும். அதனால் ஒரு வெப்பமானியை வாங்கிக் கூண்டுக்குள் மாட்டுங்கள். இன்னொன்றைக் கிளைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். கையை வைத்துப் பார்த்து ‘இதமாத்தான் இருக்கு’ என்று சொல்வதை நான் நம்புவதில்லை. நாம் 20 டிகிரியில் ஸ்வெட்டர் போடாமல் நடக்கும் ஆட்கள்.

சூடு மேலேயிருந்து வர வேண்டும். சூடேற்றும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். சூடு என்றால் மேலேயிருந்து வருவது என்றே அதன் உடம்பு பழகியிருக்கிறது. வயிற்றுக்கடியில் கல் சுடுவது அதற்கு உறைக்காது. வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் கம்பி மேல் மரம் விழுந்து கரண்ட் போனால் சில சமயம் மறுநாள்தான் வரும். அதற்கு ஓர் ஏற்பாடு முன்கூட்டியே இருக்கட்டும். அட்டைப்பெட்டிக்குள் கம்பளித் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்து, இகுவானாவை உள்ளே விட்டு மூடுங்கள். காற்றுக்கு ஓட்டை இருக்கட்டும். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். சூடு திரும்பும்வரை தீனி போடாதீர்கள். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. அந்தப் புகையில் இகுவானாவும் போகலாம், அதே அறையில் தூங்குகிறவரும் போகலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு தம்பி தக்காளிப் பெட்டியில் வைத்து இரண்டு வயது இகுவானாவைக் கொண்டுவந்தார். ‘நல்லா தின்னுது சார், தொடையெல்லாம் பாருங்க எப்படித் திரண்டிருக்கு’ என்றார். தொடை திரண்டுதான் இருந்தது. ஆனால் முதுகெலும்பு ஓரம் சதையே இல்லை. மேசையில் விட்டேன். வயிற்றைத் தூக்க முடியாமல் மேசையோடு இழுத்துக்கொண்டு போனது. முன்கால் விரல்கள் தந்திக்கம்பி மாதிரி நடுங்கின. கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினேன். எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பராக உள்ளே போனது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு நிழல்போலத் தெரிந்தது. எலும்பில் சுண்ணாம்பு இல்லாமல் போனதும், உடம்பு அந்த இடத்தை நார்த்திசுவால் சுற்றி முட்டுக்கொடுத்திருக்கிறது. திரண்ட தொடை என்று அவர் மகிழ்ந்தது அந்த நாரைத்தான்.

அந்தத் தம்பி அதைக் கஞ்சத்தனமாக வளர்க்கவில்லை. கால்சியம் பொடி தூவியிருக்கிறார். ஜன்னலோரம் வெயிலில் கண்ணாடித் தொட்டியை வைத்திருக்கிறார். தப்பு அந்தக் கண்ணாடியில். சூரிய ஒளியில் யூவிபி என்று ஒரு கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை உள்ளே வாங்காது. தின்ற கால்சியம் தின்ற வழியே வெளியே போய்விடும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், இந்தக் கதிரை மட்டும் நிறுத்திவிடும். உள்ளே இருப்பது வெயிலில் காய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

அதற்கு இரண்டு வழி. மார்கழி முடிந்து வைகாசிவரை நமக்கு நல்ல வெயில் உண்டு. கம்பி வலைக் கூண்டில், பாதி நிழல் பாதி வெயிலாக, வாரத்தில் நான்கைந்து நாள் அரை மணி வெளியே வையுங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், கால் மணியில் வெந்துவிடும். பருந்தையும் பூனையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை மாசங்களுக்கு யூவிபி குழல் விளக்கு வேண்டும். ஊர்வனவற்றுக்கென்று தயாரித்தது, உறையில் யூவிபி அளவு அச்சடித்தது. நீல நிறத்தில் எரிகிறது என்பதற்காக ஒரு பல்பை அந்தப் பெயரில் விற்பவர்கள் உண்டு. விளக்குக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. எவ்வளவு தூரத்தில் மாட்டுவது என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். தினம் 12 மணி நேரம் எரியட்டும். இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அந்த விளக்கில் வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் மாசக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். எரிகிறதே என்று வைத்திருக்காமல் வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். இந்த ஊரில் மாற்றவேண்டிய மாசம் வைகாசி, மழைக்கு முன்னால்.

தம்பி கொண்டுவந்த அந்த இகுவானா பிழைத்துக்கொண்டது. தாடை கெட்டிப்பட்டது, ஆனால் வளைந்தபடியே கெட்டிப்பட்டது. நடை கடைசிவரை நேராகவில்லை. மனிதருக்கு விற்கும் வைட்டமின் டி சொட்டு மருந்தை நீங்களே வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் சுண்ணாம்பு எலும்பில் சேராமல் ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும்.

தீனியில் நம் ஊருக்கு ஒரு சௌகரியம், ஓர் ஆபத்து. செம்பருத்தி இலையும் பூவும் வேலி நெடுக இருக்கிறது, நன்றாகக் கொடுக்கலாம். மல்பெரி இலை நல்லது. பூசணி, பீன்ஸ், மேரக்காய் துருவிப் போடலாம். முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதீர்கள். இந்த மழையில் முருங்கை நம் தோட்டத்தில் சரியாக வராது, கீழேயிருந்து சந்தைக்கு வரும் நாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இலையில் கால்சியம் பாஸ்பரஸைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. முருங்கை அதில் தேறும். லெட்டூஸில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. ஊட்டி காய்கறி வண்டியில் மலிவாகக் கிடைக்கும் முட்டைக்கோஸையும், பாலக் கீரையையும் தினம் கொடுக்காதீர்கள். பாலக்கில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பப்பாளி எப்போதாவது ஒரு துண்டு.

ஆபத்து என்றது வேறு. ஓடையோரச் சேம்பு இலை, மரவள்ளி இலை, பட்டர் ஃபுரூட், அரளி, இவை கிட்டவே வரக் கூடாது. மரவள்ளிக் கப்பையை நாம் வேகவைத்துத் தின்கிறோம். ஆனால் பச்சை இலையில் சயனைடு இருக்கிறது. தேயிலைக் காட்டு ஓரத்தில் பறித்த எந்த இலையும் வேண்டாம். மருந்தடித்தது எப்போது என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முட்டை, கோழி, நாய் பிஸ்கட் எல்லாம் வேண்டவே வேண்டாம். 1990களில் அமெரிக்காவில் இகுவானா வளர்ப்பது பெரிய மோகமாக இருந்தது. பண்ணைகளில் பொரித்த குஞ்சுகள் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் போய் இறங்கின. அன்றைய கையேடுகள் பல, வளரும் குஞ்சுக்கு இறைச்சிப் புரதம் கொடுக்கச் சொன்னன. குஞ்சும் வேகமாக வளர்ந்தது. பிறகு நடு வயதில் சிறுநீரகம் கெட்டுச் செத்தது. அதனோடு தண்ணீர்ச் சத்துக் குறைவும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. இகுவானா கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிப்பது குறைவு, இலையில் நிற்கும் தண்ணீரை நக்கும். அதனால் கீரையைக் கழுவி உதறாமல் ஈரத்தோடு போடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி விடுங்கள். காற்றில் ஈரம் வேண்டிய பிராணி இது. அந்த ஒன்று மட்டும் நாடுகாணியில் இலவசம். தோல் உரிவதும் இங்கே சுலபம். விரல் நுனியிலும் வால் நுனியிலும் பழைய தோல் வளையமாக இறுக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்துவிடும்.

‘சளி பிடித்துத் தும்முகிறது’ என்று அடிக்கடி ஒரு புகார் வரும். தும்மினால் கூண்டுச் சுவரில் வெள்ளைப் பொடி படிகிறதா? அது உப்பு. மிஞ்சிய உப்பை மூக்கு வழியாக வெளியேற்ற அதற்குச் சுரப்பி இருக்கிறது. மருந்து தேவையில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கில் குமிழி வந்தால், அது நிமோனியா. உடனே கொண்டுவாருங்கள்.

பெண் இகுவானா ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கும். நம் நாட்டுக்கோழி மாதிரிதான், ஆனால் ஒரே தடவையில் 30, 40, அதற்கு மேலும். முட்டை வைக்கக் குழி தோண்ட ஈர மண் வேண்டும். அகலமான பெட்டியில் மணலும் மண்ணும் கலந்து வைக்காவிட்டால், உள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போவதும் உண்டு. எலும்பில் சுண்ணாம்பு குறைந்தது என்றால் முட்டையைத் தள்ளக் கர்ப்பப்பைக்கு வலுவும் இருக்காது. வயிறு பெருத்து, தின்னாமல், மண்ணைப் பிறாண்டிக்கொண்டு சோர்ந்துபோனால் காத்திருக்காதீர்கள்.

ஆண் இகுவானா இணை சேரும் பருவத்தில் வேறு ஆளாகிவிடும். உடம்பு ஆரஞ்சு நிறம் ஏறும், தலையை ஆட்டும், வாலால் விளாசும், கடித்தால் தையல் போட வேண்டியிருக்கும். எந்தப் பருவத்திலும் மேலேயிருந்து கையைக் கொண்டுபோகாதீர்கள். உச்சந்தலையில் அதற்கு மூன்றாவதாக ஒரு கண் இருக்கிறது. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலேயிருந்து நிழல் விழுந்தால் அதற்குப் பருந்து. வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் உங்கள் கையிலேயே நின்றுவிடும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆரோக்கியமான இகுவானாவின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்தப் பிராணி வேண்டாம் என்பதே என் கருத்து. சமையலறைத் தொட்டியில் அதைக் குளிப்பாட்டாதீர்கள்.

வாரம் ஒரு முறை மளிகைத் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஊர்வன நோயைச் சொல்லாது. நமக்குத் தெரியும்போது அது பல வாரத்து நோய். எடைதான் முதலில் சொல்லும். காட்டும் மருத்துவரும் பழகியவராக இருக்க வேண்டும். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நமக்குக் கிட்டத்தில் என்றால் வயநாட்டுப் பூக்கோட்டில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகம்.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இகுவானா இருக்கிறது. அந்தப் பட்டியல் உயிரினங்களையெல்லாம் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நான்காம் அட்டவணையில் சேர்த்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். 2024இல் வந்த விதிகளின்படி, அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக, கைக்கு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். ரசீது இல்லாமல், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிடிப்பது மறுபடி மறுபடி செய்தியாகிறது. துணிப்பையில் கட்டி, துணிமணிக்கு நடுவே அடைத்து வருகிறார்கள். அப்படி வந்ததில் பிழைத்ததுதான் ‘ஆரோக்கியமான குஞ்சு’ என்று விலைக்கு வருகிறது.

வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வார்கள்? ‘காட்டுப் பிராணிதானே, காட்டில் விட்டுவிடலாம்’ என்பார்கள். நான் நாடுகாணியில் பேச ஒத்துக்கொண்டதற்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

ஊட்டியில் விட்டால் உறைபனியில் ஒரு ராத்திரி தாங்காது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குளிர் அலை வரும்போது இகுவானாக்கள் மரத்துப்போய்க் கிளையிலிருந்து விழுகின்றன. 2020 ஜனவரியில் மயாமி வானிலை நிலையமே, இன்றிரவு மரத்திலிருந்து இகுவானா விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள் என்று அறிவித்தது. ஆனால் நாம் ஊட்டியில் இல்லை. செக்போஸ்ட்டைத் தாண்டி இறங்கும் ரோடு வழிக்கடவுக்கும் நிலம்பூருக்கும் போகிறது. வளைவுக்கு வளைவு சூடு ஏறும். கீழே வருஷம் முழுக்கப் பச்சை, ஆற்றோரம், ஈரம், மரம். அதன் சொந்த ஊர் எப்படியோ அப்படி. ஓர் இகுவானா அந்தச் சரிவில் இறங்கினால் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டு இறங்கினால் பெருகலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஃபுளோரிடாவில் இருப்பது பெரும்பாலும் வளர்த்தவர்கள் விட்டதும் தப்பித்ததும் பெருகியதுதான். 2021இல் அங்கே அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள், அதற்குள் காலம் கடந்துவிட்டது. தைவானில் ஆள் வைத்துப் பிடிக்கிறார்கள். கரீபியக் கடலில் கிராண்ட் கேமன் என்றொரு தீவு, சென்னை மாநகராட்சிப் பரப்பில் பாதிகூட இல்லை. அங்கே 2018இல் ஒழிக்கத் தொடங்கி, 10 லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். இன்னும் முடியவில்லை.

அழகுக்குக் கொண்டுவந்ததை அடக்க முடியாமல் போவது எப்படி என்று நமக்கு வேறு ஊரார் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்ணிச்செடி வந்தது பூச்செடியாக. முதுமலையில் மஞ்சள் கொன்றை வந்ததும் பூவுக்காகத்தான். இன்று அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். உண்ணிச்செடியையாவது வளைத்து நம் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் யானை செய்தார்கள். அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. இகுவானாவை வைத்து என்ன செய்வது? செம்பருத்தியிலும் பூசணியிலும் ஆரம்பித்து, தோட்டக் காய்கறியில் வந்து நிற்கும். ஆற்றங்கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கும். இங்கே மண் சரிவதற்கு வேறு உதவி தேவையில்லை.

நம் காட்டுக்கு ஓந்திகள் குறைவும் இல்லை. மேல்மலைகளில் இருக்கும் ஒரு முள்ளோந்தி நம் மலைத்தொடருக்கே சொந்தம். இறக்கை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும் பறக்கும் பல்லி மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான காடுகளில் உண்டு. இங்கிருக்கும் ஜீன்பூல் தாவர மையத்துக்குப் போகிறவர்கள் ஆர்க்கிட்டையும் பெரணியையும் பார்த்துவிட்டு மரத்தண்டையும் ஒரு தரம் அண்ணாந்து பாருங்கள். அவற்றைப் பிடித்து வளர்க்கக் கூடாது, பார்க்கத் தடை இல்லை.

ஆகவே வைத்திருப்பவர்கள் முறையாக வைத்திருங்கள். முடியாது என்று தோன்றினால் வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். காபிக் காட்டில் இகுவானாவைப் பார்த்தால் அடிக்காமல், துரத்தாமல், போட்டோ எடுத்து அங்கேயே தெரிவியுங்கள். பதிவு, அபராதம் பற்றிய கேள்விகளை முன்வரிசையில் இருக்கும் வனத்துறை நண்பர்களிடம் கேளுங்கள். எலும்பு, வயிறு, முட்டை பற்றியதை என்னிடம் கேளுங்கள். கோமாரி ஊசிக்காக வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், பட்டியல் பையில்தான் இருக்கிறது, எடுக்கிறேன்.